வானிலிருந்து பார்ப்போம், தரையில் கேட்போம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. நமது ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988இல் விண்ணுக்குச் சென்றது. அன்று முதல் நம் ஊர்கள் வளர்ந்த கதை வானிலிருந்து பதிவாகி வருகிறது. இஸ்ரோவின் புவன் தளத்தையும் கூகுள் எர்த்தையும் இன்று நம் பள்ளிக் கணினியிலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கூகுள் எர்த் டைம்லாப்ஸில் பள்ளிக்கரணையைத் தேடுங்கள். 1984 முதல் ஆண்டுக்கு ஒரு படமாக ஓடும். சதுப்பு நிலத்தின் ஓரங்களைக் கட்டடங்கள் மெல்ல நெருங்குவதை மாணவர்களே கண்டு சொல்வார்கள். எஞ்சிய சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பிறகு உங்கள் ஊர் ஏரிக்கு வாருங்கள். தனித்தனிப் படங்களை ஒப்பிடும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, மாதம். டிசம்பரில் நிறைந்திருக்கும் ஏரி மே மாதத்தில் வறண்டு கிடக்கும். ஓர் ஆண்டின் டிசம்பர் படத்தையும் மற்றோர் ஆண்டின் மே படத்தையும் அருகருகே வைத்தால், அழியாத ஏரியும் அழிந்ததாகத் தோன்றும். ஆகவே, ஒரே மாதத்துப் படங்களையே எடுங்கள்.

இரண்டு, அளவு. 1980களுக்குப் பிந்தைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். அதில் ஒரு வீடு தெரியாது. ஒரு குடியிருப்பு தெரியும். நீர்ப்பரப்பில் 100 கட்டங்கள் குறைந்தால் 9 ஹெக்டேர் குறைந்ததாகப் பொருள். கணித ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

இனி, இன்னும் முக்கியமான ஒன்று. நிலத்தில் என்ன மாறியது என்று படம் சொல்லும். ஏன் மாறியது, யார் மாற்றினார்கள் என்று சொல்லாது. சென்னை தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் அரசே திட்டமிட்டு உருவாக்கிய பகுதி. அதை அறியப் பழைய நில அளவை வரைபடங்கள்தாம் உதவும். அப்போது செயற்கைக்கோள் இல்லை.

உங்கள் வகுப்பில் ஏரிக்கரையோரக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் இருப்பாள். திரையில் தன் வீடு தெரியும்போது, “ஆக்கிரமிப்பு” என்ற சொல் அவள் காதில் எப்படி விழும்? அவளுடைய பெற்றோர் வேறு இடமின்றி வந்திருக்கலாம். பட்டா என்று நம்பிப் பணம் கொடுத்திருக்கலாம். அதே ஏரிப் பரப்பில் அலுவலகமோ பேருந்து நிலையமோ கூட இருக்கலாம். முழுப் படத்தையும் காட்டுங்கள். எவரையும் சுட்டிக்காட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கேள்விகளை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். “தாத்தா, இங்கே மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? அந்தக் கால்வாய் எப்போது மூடப்பட்டது?” பெரியவர்கள் சொல்லும் விடைகளைப் படத்தோடு ஒப்பிட்டு, ஊர் வரைபடம் ஒன்றை அவர்களே வரையட்டும். அடுத்த மழையில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை அந்த வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மழை வந்ததும் சரிபார்க்கலாம்.