சொந்த நாட்டைக் காண என்ன விலை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞர் சார்பில் சில வார்த்தைகள் கூறுமாறு பணித்த சங்கத்தாருக்கு நன்றி. நாம் எடுத்துக்கொண்ட பொருள் உல்லாசப் பிரயாணம். விழா மேடையிலே விளையாட்டுப் பேச்சா என்று பெரியோர் புன்னகை செய்யக்கூடும். ஆயினும் நம்மவருக்கு இது விளையாட்டான விஷயமன்று. சற்றுப் பொறுமையோடு கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

நம் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராகச் செய்யத் தொடங்கினார். அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. மலைநாட்டுப் பயிரைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லவே அந்தப் பாதை போடப்பட்டது. தேயிலை மலையிறங்கியது, கடலைக் கண்டது, கடலைக் கடந்து உலகமெல்லாம் சென்றது. அதைப் பறித்த கைக்குரியவர் மலையிலேயே நின்றார். இன்றோ வெளிநாட்டார் இந்த மலைகளைக் காண வருகின்றனர். 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் படமெடுத்துச் செல்லும் கொழுந்துத் தாய் கண்டிக்கு அப்பால் எத்தனை ஊர்களைக் கண்டிருப்பார்? நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றரேயுள்ள இச்சிறு தீவிலே, கடலைக் கண்ணாற் காணாத பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கின்றனர்.

தவணை தொடங்கியதும் பாடசாலையில், “விடுமுறையை எவ்வாறு கழித்தேன்” என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். எங்கும் போகாத பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? பக்கத்து மேசைப் பிள்ளை கண்ட கடலைத் தாமும் கண்டதாக எழுதுவார்கள். கற்பனைக்கு நல்ல புள்ளி கிடைக்கும். ஆனால் சொந்த நாட்டையே கற்பனையாகக் காண்பது ஒரு பிள்ளைக்கு நேரக்கூடாத வறுமை.

இதற்குத் தடை யாது? அனுமதிச் சீட்டு என்பர் சிலர். அது முழு உண்மையன்று. பேராதனைப் பூந்தோட்டத்திலும் சிகிரியாவிலும் உள்நாட்டாருக்குக் கட்டணம் வெளிநாட்டாரைவிட மிகக் குறைவு. தடை வேறிடத்திலே இருக்கின்றது. ஒரு கணக்குப் பார்ப்போம்.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளொன்றுக்கு மேலும் 200 ரூபாய் அரசாங்கம் தருவதெனக் கூறிற்று. ஆக 1,750. கணவனும் மனைவியும் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஆறு பேர் விழாது. 10,500 ரூபாய் போய்விடும். பஸ்ஸில் கால் வைக்கவில்லை, ஒரு தேநீர் வாங்கவில்லை; அதற்கு முன்னரே இந்த நட்டம். பஸ் கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் அதற்குப் பிறகுதான்.

மாதச் சம்பளக்காரர் விடுமுறையில் போகும்போது சம்பளமும் அவரோடு பிரயாணம் செய்கின்றது. நாட்கூலிக்காரர் புறப்படும்போது சம்பளம் பெரட்டுக்களத்திலேயே நின்றுவிடுகின்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை, காரியாலய ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு ‘வாரண்ட்’ எனப்படும் இலவச ரயில் ஆணைச்சீட்டும், திணைக்களங்களின் சர்க்யூட் பங்களாக்களில் குறைந்த வாடகையில் தங்கும் வசதியும் உண்டு. அவை தகாதவையென்று நாம் கூறவில்லை. நம் சங்கத்திலும் அவற்றால் பயனடைவோர் உளர். தோட்டத் தொழிலாளிக்கும் விடுமுறைச் சம்பளம் சட்டத்தில் இருக்கின்றது. ஆனால் அது அவர் வேலைக்குப் போன நாட்களின் தொகையைப் பொறுத்தது. கிடைக்கும் அச்சிறு தொகையும் கடைக் கடனுக்கும் தீபாவளிச் செலவுக்கும் கரைந்துவிடுகின்றது. லீவு காசாக வருகின்றது, ஓய்வாக வருவதில்லை.

தங்குமிடத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2022இன் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய்வரை ஏறிற்று. டொலரோடு வருபவருக்கு இலங்கை மலிந்தது. ரூபாயோடு இருப்பவருக்கு இலங்கையே விலையேறிற்று. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று விடுதிகளாகிவிட்டன; அவற்றில் ஓரிரவு தங்க நூற்றுக்கணக்கான டொலர் வேண்டும். தோட்டத்து மனிதர் அங்கே வேலைக்குப் போகலாம்; விருந்தினராகப் போக முடியாது. நுவரெலியாவிலோ சித்திரை வந்தால் ‘சீசன்’. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் அதே நாட்களில் அறை வாடகை உச்சத்துக்கு ஏறிவிடும்.

சகோதரர்களே, ‘சொந்த நாடு’ என்ற சொல்லை நம்மவர் எளிதிற் பெறவில்லை. நம் முன்னோர் இந்நாட்டில் செய்த முதற் பிரயாணம் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த நடை. வழியிலே நோயாலும் பசியாலும் விழுந்தோர் பலர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இன்று அடையாள அட்டை நம் கையில் இருக்கின்றது. ஆனால் நாடு என்பது அட்டை மாத்திரமன்று. அதன் ஆறும் கடலும் கோயிலும் நம் கண்ணிலும் நினைவிலும் குடிபுக வேண்டும். ஆதலால் ஊர் பார்ப்பதை ஆடம்பரமென ஒதுக்க நாம் உடன்படவில்லை.

உலகிலே இதனை உணர்ந்தோர் உண்டு. 1936ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் தொழிலாளர் யாவருக்கும் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை சட்டமாயிற்று. அவ்வரசாங்கம் அதோடு நில்லாது, ரயில் கட்டணத்தில் 40 சதவீதக் கழிவும் கொடுத்தது. ஆலைத் தொழிலாளர் பலர் அக்கோடையிலேதான் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். லீவும் வேண்டும், போக வழியும் வேண்டும் என்பதே அதிலுள்ள பாடம்.

இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது: “நமக்கு யாத்திரை இருக்கிறதே, உல்லாசம் எதற்கு?” யாத்திரையை நாம் குறைத்துக் கூறவில்லை. சிவனொளிபாதமலைக்கும் கதிர்காமத்துக்கும் போன முதியோர், பானையும் அரிசியும் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் சோறாக்கி, மடத்தில் படுத்து எழுந்து வந்தனர். கதிர்காமத்தில் இராமகிருஷ்ண மிஷன் மடம் யாத்திரிகருக்கு ஆற்றிய தொண்டைப் பெரியோர் அறிவர். தங்க இடமும் உண்ண அன்னமும் கொடுத்து, ஏழையின் பிரயாணத்தை நடக்கக்கூடியதாக்கியது அறம். இளைஞர் கேட்பது அந்த அறத்தின் தொடர்ச்சியையே.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் கண்டி மாவட்டத்தை எவ்வாறு சிதைத்ததென்பதை யாவரும் அறிவோம். உயிரும் வீடும் இழந்தோர் நடுவே பிரயாணப் பேச்சா? வீடே முதலாவது, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லாக் குறையும் தீர்ந்த பிறகே ஒரு பிள்ளை கடலைக் காணலாமென்றால், அந்தப் பிள்ளை முதியவராகிவிடும். இந்த மலையிலே பயந்து வாழ்ந்த பிள்ளைக்கு, வேறோர் ஊரில் இரண்டு நாள் அச்சமின்றி உறங்குவதும் ஒரு மருந்தே.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஒரு பிரயாணச் சீட்டு. நாற்பது குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் வீதம் சேர்த்தால் ஓராண்டில் 96,000 ரூபாய் சேரும். மாதச் சம்பளம் பெறுவோரும் கொழும்புக் கடைகளில் தொழில் புரியும் நம் இளைஞரும் இரட்டைப் பங்கு செலுத்தட்டும். அந்தப் பணத்திலிருந்து பஸ் வாடகை மட்டுமன்றி, நாட்கூலியை இழக்கும் தாய் தந்தையருக்கு ஒரு நாட்சம்பளமாவது ஈடு செய்ய வேண்டும். அதுவே இத்திட்டத்தின் உயிர்.

இரண்டாவது, மண்டபப் பரிமாற்றம். கண்டியிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீற்றரில் திருகோணமலை இருக்கின்றது. கோணேசர் சந்நிதியும் கடலும் ஒன்றாகவே உள. அங்குள்ள இந்து இளைஞர் மன்றங்களுக்கு எழுதுவோம். நம் பிள்ளைகள் அவர்கள் மண்டபத்தில் தங்கட்டும். அவர்கள் பிள்ளைகள் நம் மண்டபத்தில் தங்கி மலையைக் காணட்டும். கடற்கரைப் பிள்ளையும் மலையை அறியாதுதானே வளர்கின்றது?

மூன்றாவது, சட்டப்படி நமக்குள்ள லீவு எத்தனை நாள், எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதைச் சங்கம் ஒரு தாளில் அச்சிட்டு லயந்தோறும் கொடுக்க வேண்டும். அறியாத உரிமை கொடுக்கப்படாத உரிமைக்குச் சமம்.

பெரியோர்களே, நீங்கள் எங்களைப் படிக்க வைத்தீர்கள். நாங்கள் படித்த பூமிசாத்திரப் படத்திலே இந்தத் தீவைச் சுற்றி நீலம் தீட்டியிருந்தது. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன், நம் லயத்துப் பிள்ளைகளில் ஒரு பஸ் நிறைந்த பேராவது அந்த நீலத்திலே கால் நனைத்துத் திரும்பட்டும். அதற்கான முதல் 200 ரூபாயை இன்றே பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம். இரண்டாவது தொகை யாருடையதோ?