செல்போன் பேச்சு யார் காதில் விழுகிறது?

(தாம்பரத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"போனில் பேசினால் ஒட்டுக் கேட்கிறார்களாமே?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். லைனில் 'க்ளிக்' என்று சத்தம் கேட்டால் சி.பி.ஐ. கேட்கிறது என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் நம்பி விடுகிறார்கள். இன்றைய முறையில் ஒட்டுக் கேட்பது கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடந்து விடும். எந்தச் சத்தமும் வராது. அந்தக் 'க்ளிக்' வெறும் சிக்னல் கோளாறு. ஆக, தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருக்கிறோம்.

செல்போன் என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றே. ஊரைச் சிறுசிறு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்திற்கு ஒரு கோபுரம் வைக்கிறார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டி போகிறீர்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ரயில் நகர நகர, உங்கள் போனை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் கைமாற்றிக் கொண்டே போகிறது. நீங்கள் பேசாமல் சட்டைப் பையில் வைத்திருந்தாலும், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். தெரியாவிட்டால் அழைப்பு வரும்போது எந்தக் கோபுரம் மணியடிக்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் இதை வேறு விதமாகப் புரிந்து கொண்டார்கள். மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தபோது கையிலிருந்த போன் வெறும் டப்பா ஆனது.

சரி, பேச்சு பாதுகாப்பானதா? போனிலிருந்து கோபுரம் வரை பேச்சு பூட்டிய பெட்டியில் போகிறது. கம்பெனிக்குள் போனதும் பெட்டி திறக்கப்படுகிறது. எனவே சாதாரண அழைப்பைக் கம்பெனியின் வழியாகக் கேட்க முடியும். பழைய 2ஜி முறையில் பூட்டே பலவீனம். கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அதை உடைக்கும் வழியை 2009 டிசம்பரில் பெர்லினில் உலகறியச் சொன்னார். மேலும் 2ஜியில் கோபுரம் போனைச் சோதிக்குமே தவிர, போன் கோபுரத்தைச் சோதிக்காது. போலிக் கோபுரம் வைத்தாலும் போன் ஏமாந்து விடும். 3ஜி முதல் இரண்டும் ஒன்றையொன்று சோதிக்கின்றன.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் இரு முனைகளில் மட்டுமே திறக்கும் பூட்டு உண்டு. நடுவில் உள்ளவர் படிக்க முடியாது. ஆனால் யாருடன், எப்போது தொடர்பு என்ற விவரம் தனி. உங்கள் போனுக்குள்ளேயே ஒற்றன் நுழைந்து விட்டால் பூட்டால் என்ன பயன்? 2021 ஜூலையில் வெளிவந்த பெகாசஸ் விவகாரம் அதுதான். உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரிவித்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அக்குழு கூறியது. மறைக்க ஏதுமில்லை என்றால் ஒத்துழைப்பதில் என்ன தடை?

இப்போது முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். அரசு நினைத்தால் யார் போனையும் கேட்டு விடலாமா? முடியாது! 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டமே 'பொது அவசரநிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' இருந்தால்தான் முடியும் என்றது. அதன் இடத்திற்கு வந்த 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் இதையே சொல்கிறது. 1996 டிசம்பர் 18 அன்று பி.யூ.சி.எல். வழக்கில் உச்சநீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது: உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

நம் சென்னையிலேயே ஒரு வழக்கு. எவரான் கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய போனை ஒட்டுக் கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவிட்டது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்ச ரூபாய் லஞ்சம் என்ற வழக்கு அது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது வேறு, பொது அவசரநிலை வேறு. பதிவுகளை மறுஆய்வுக் குழு முன் வைக்கவுமில்லை. எனவே அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றார். லஞ்சப் புகாருக்கு ஆளானவருக்குச் சாதகமான தீர்ப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். அவருக்குக் கிடைத்த பாதுகாப்புதான், நாளை பொய் வழக்கில் சிக்கும் ஏழைக்கும் கிடைக்க வேண்டியது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு டில்லி உயர்நீதிமன்றம், பெரும் ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஆக, நம் உரிமையின் எல்லைக்கோடு இன்னும் அழுத்தமாக வரையப்படவில்லை.

ஒட்டுக் கேட்பதை விட நமக்கு நெருக்கமான ஆபத்து சிம் கார்டு. தெரிந்தவர், ஊர்க்காரர், வேலை தேடி வந்த பையன் என்று நம் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தருகிறோம். அந்த எண்ணில் ஒரு மோசடி நடந்தால் போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது யார் வீட்டில்? யார் யாரை எப்போது அழைத்தார், எந்தக் கோபுரத்தின் கீழ் நின்றார் என்ற பட்டியலைக் கம்பெனிகள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. பேச்சின் உள்ளடக்கம் அதில் இருக்காது. 'நான் வெறும் நலம்தான் விசாரித்தேன்' என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. சிம்மை மாற்றினால் தப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். போனுக்கே 15 இலக்க எண் ஒன்று உண்டு, *#06# அழுத்தினால் தெரியும். போன் திருடு போனால் புகார் கொடுக்க அந்த எண் தேவை, இன்றே எழுதி வையுங்கள்.

மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தாய்மார்களின் பெயரையும் பார்த்துக் கொடுங்கள். அவர்கள் பெயரில்தான் பெரும்பாலும் பிள்ளைகள் சிம் வாங்கியிருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் நம் மாணவரணித் தம்பிகள் வாசலருகே அமர்ந்திருப்பார்கள். போனை எடுத்துக் கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். ஓ.டி.பி. எண்ணை மட்டும் நீங்களே அழுத்துங்கள், அவர்களிடமும் சொல்லாதீர்கள்!