கயிற்றைத் தளர்த்தும் கை



ஷரஃபியாவில் வாழும் நமக்குப் பனிக்கட்டி என்றால் குளிர்பெட்டிக்குள் இருப்பதுதான். ஆயினும் 2005இல் திறக்கப்பட்ட ஸ்கி துபாயில் 400 மீட்டர் நீளப் பனிச்சரிவு கூரைக்கடியில் இருக்கிறது. நடக்க இயலாத பிள்ளையும் பனியில் சறுக்க முடியும் என்பதை நம்மில் பலர் அறியோம். அதற்கென்றே அமர்ந்து சறுக்கும் கருவி உண்டு. இருக்கையின் அடியில் ஒன்றோ இரண்டோ சறுக்குப் பலகைகள்; பிள்ளை உடலைச் சாய்க்கும் பக்கம் அது திரும்பும். பின்னால் ஒரு தன்னார்வலர் கயிற்றைப் பிடித்தபடி வருவார். வேகம் மிகுந்தால் இழுக்க வேண்டும். பிள்ளை தானே சமாளிக்கையில் தளர்த்த வேண்டும். இரண்டாவதுதான் கடினம். பெற்றவர்களுக்கு அது எளிதில் வராது, என்னைக் கோபிக்காதீர்கள்.

2019 மார்ச்சில் அபுதாபியில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் கோடைப் போட்டிகளில் அறிவுத்திறன் குறைபாடுடைய 7,000க்கும் மேற்பட்டோர் விளையாடினர். இந்திய அணி 368 பதக்கங்களுடன் திரும்பியது. நம் கூட்டங்களிலோ அத்தகைய பிள்ளைகளைக் காண்பதே அரிது. பூட்டிய அடுக்ககத்தில், தாயோ தந்தையோ ஒருவர் துணையிருக்க, அவர்கள் இருக்கிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை கடற்கரைச் சந்திப்புக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். சக்கர நாற்காலிகளைப் படியிறக்க நான்கு இளைஞர்கள் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.