செப்புக் காசின் மெய்யும் பொய்யும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கற்றறிந்த பெரியோர் இலக்கியம் பேசும் இம்மேடையில், புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் காசைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நம் படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு நின்றது. ஆயினும், நாள்தோறும் பல கைகளிலிருந்து காசு வாங்கி எண்ணும் தொழில், அதனை உற்று நோக்கும் பழக்கத்தை நமக்குத் தந்துள்ளது. அப்பழக்கம் நம்மவர் சிலருக்கேனும் பயன்படுமாயின் மகிழ்வோம்.

காசின் வரலாற்றில் நாம் வாழும் இவ்வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு. சந்திரகிரியில் வீற்றிருந்து ஆண்ட விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர், தம் பொன் நாணயத்தில் திருவேங்கடமுடையானின் திருவுருவைப் பொறித்தார். பின்னாளில் சென்னையில் வாணிகம் செய்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும், வேங்கடவனும் தேவியர் இருவரும் நிற்கும் பொன் வராகனை அச்சிட்டது. அதனை 'மூன்று சுவாமி வராகன்' என்பர். 1808ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் அச்சான வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும் காணப்படும். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளும் அவற்றில் இடம்பெற்றன. தமிழும் தெலுங்கும் ஒரே காசில் கூடி வாழ்ந்ததை எண்ணுங்கால், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு உவகை பிறக்கின்றது. இத்தகைய நிலத்தில், பழைய வீடுகளின் பெட்டிகளில் பழங்காசு கிடைப்பது வியப்பன்று.

ஆனால், அந்த இயல்பே ஏமாற்றுவோருக்கு மூலதனமாயிற்று. நம்முடன் பணிபுரியும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவர் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு செப்புக் காசு இருந்தது; இரண்டு சிங்கங்கள் தாங்கும் கேடயமும் 1808 என்ற ஆண்டும் அதில் தெரிந்தன. தொலைபேசியில் பேசிய ஒருவர், "இது கோடி பெறும், சோதனைக் கட்டணமாக அறுபதாயிரம் மட்டும் முதலில் செலுத்துங்கள்" என்றார். அன்பரோ, மகளின் கல்லூரிச் செலவுக்கென வைத்திருந்த பணத்தை எடுக்கத் துணிந்துவிட்டார். "அண்ணா, வாங்க வருபவர் சொல்வது இருக்கட்டும், முதலில் காசையே கேட்டுப் பார்ப்போம்" என்றோம். அன்று அக்காசிடம் நான்கு கேள்விகள் கேட்டோம்.

முதற் கேள்வி: உன்மீது எழுதியிருப்பது என்ன? பின்புறத்தில் பாரசீக எழுத்தும், அதன் கீழே பத்துக் காசு என்பதைக் குறிக்கும் உரோமானிய எண்ணும் ஆங்கிலச் சொல்லும் இருந்தன. அக்காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எனவே ஒரு வராகனுக்கு இத்தகைய பத்துக்காசுகள் 336 தேவை. கடைத்தெருவில் புழங்கிய சில்லறை இது என்பதைக் காசே சொல்லிவிட்டது.

இரண்டாம் கேள்வி: உன் எடையும் அளவும் யாவை? மெய்யான பத்துக்காசு ஏறத்தாழ 4.6 கிராம் எடையும் 26 மில்லிமீட்டர் குறுக்களவும் உடையது. பொற்கொல்லரின் நுண்தராசில் முதலில் அப்படியே நிறுத்து, பின்னர் நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து நிறுத்தல் வேண்டும். செம்பின் அடர்த்தி 8.96 ஆதலால், நல்ல செப்புக் காசு நீரில் தன் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே இழக்கும். துத்தநாகம் மிகுந்த போலியோ ஏழில் ஒரு பங்கு வரை இழக்கும். காந்தத்தில் ஒட்டினால் அது செம்பே அன்று.

மூன்றாம் கேள்வி: நீ அச்சிடப்பட்டாயா, வார்க்கப்பட்டாயா? 1808ஆம் ஆண்டின் பத்துக்காசுகள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சோகோ நாணயச்சாலையில், நீராவிப் பொறியின் துணையால் அச்சிடப்பட்டவை. ஆதலின் வட்டம் ஒழுங்காகவும் எழுத்து கூர்மையாகவும் இருக்கும். அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். பரப்பில் சிறு குமிழிக் குழிகளும் ஓரத்தில் இணைப்புக் கோடும் தென்படலாம். இதைக் காண ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தாய்மார்களே, ஒன்று மறவாதீர்கள்: பித்தளைக் குடத்தைத் தேய்ப்பது போலப் பழங்காசைப் புளியிட்டுத் தேய்க்கலாகாது. காலம் அதன்மீது போர்த்திய நிறம் போயின், அதன் மதிப்பும் உடன் போகும்.

நான்காம் கேள்வியே தலையாயது: உன்னைப் போன்றோர் எத்தனை பேர்? சென்னைக்கெனப் பல டன் செப்புக் காசுகளை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து மீட்கப்பட்டவை மட்டுமே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட காசுகள்! ஆகவே அன்பரின் காசு மெய்யானது, பழமையானது; ஆனால் அரிதானதன்று. பெரிய விலை எதிர்பார்க்க இயலாது. பழமை வேறு, அருமை வேறு.

அரிய காசு என்ற பெயர் உள்ள இடத்தில் போலியும் பிறக்கும். அமெரிக்க நாட்டின் 1799ஆம் ஆண்டுச் செப்புச் செண்டு உண்மையிலேயே அரியது. அதனாலேயே 1798ஆம் ஆண்டுக் காசின் கடைசி எண்ணைத் திருத்தி 1799 ஆக்கி விற்றோர் உண்டு. ஆண்டின் எண்களை உருப்பெருக்கியால் பார்த்தால் சுரண்டிய தடம் காட்டிக்கொடுக்கும்.

நம் நாட்டுப் போலியோ இதனினும் துணிச்சலானது. இராமர், சீதை, இலக்குவன், அனுமன் உருவங்களும், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும், 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் தாங்கிய 'அணா'க்கள் விற்கப்படுகின்றன. கம்பெனி வெளியிட்ட அணாக் காசு எதிலும் இராமர் உருவம் இல்லை. 1818 வரை சென்னை மாகாணம் வராகன், பணம், காசு என்றே கணக்கிட்டது. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரேவகை நாணயம் கொணர்ந்தது 1835இல்தான். வழிபாட்டுப் பொருளாக அவற்றை வைத்திருப்பதில் குற்றமில்லை. வரலாற்றுச் செல்வம் என எண்ணி விலை கொடுத்தலே பிழை.

இன்னும் கொடியது, அரிசியை இழுக்கும் 'ரைஸ் புல்லர்' காசு என்னும் சூழ்ச்சி. இடி தாக்கிய செம்பில் இரிடியம் உண்டென்றும், விண்வெளி நிலையத்தார் கோடிகள் கொடுத்து வாங்குவர் என்றும் கதை கட்டுவர். செம்போ இரிடியமோ அரிசியை இழுப்பதில்லை. அரிசியில் இரும்புத் துகளை ஏற்றிக் காந்தத்தை மறைத்து வைத்தலே அவ்வித்தை. 2018இல் டில்லியில் ஒரு வணிகர் இச்சூழ்ச்சியில் ஒரு கோடிக்கு மேல் இழந்த செய்தி வெளிவந்தது. படித்தோரும் தப்பவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின் அன்பர்களே, சிலவற்றை உள்ளத்திற் கொள்ளுங்கள். விற்பவர் பணம் பெறுவதே உலக வழக்கு. விற்பவரிடமே கட்டணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ தான் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. மண்ணைத் தோண்டுகையில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். ஐயம் எழுந்தால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சியைச் சென்று கண்டு ஒப்பிடுங்கள். திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்றோரை அணுகிக் கேளுங்கள்.

நம் அன்பரின் அறுபதாயிரம் மகளின் படிப்புக்கே சென்றது. காசை அவர் விற்கவில்லை. பாட்டியார் கைப்பட்ட பொருள் என்று, எடையும் ஆண்டும் எழுதிய தாளுறையில் இட்டு மகளிடமே கொடுத்தார். கோடி பெறாத அச்செம்பு, ஒரு குடும்பத்தின் நினைவையும் நம் நிலத்தின் வரலாற்றையும் சுமந்து நிற்கின்றது. அவ்வளவே அதன் மெய்யான விலை. அது குறைந்த விலையன்று.