துணிவுக்குப் பதக்கம், பதக்கத்துக்குச் சாட்சி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பதக்கம் என்றதும் எங்கள் நினைவுக்கு வருவது பரிசளிப்பு விழாதான். அந்தப் பதக்கங்களுக்குப் பாடத்திட்டம் இருந்தது, பரீட்சை இருந்தது, ஆயத்தம் செய்ய நாளும் இருந்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பதக்கத்துக்கு இவை ஒன்றும் இல்லை. படையில் சேராத சாதாரண மனிதர் ஒருவர் பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைத்தால், அதற்காக அரசு அளிக்கும் பதக்கம் அது.

போர்க்களத்து வீரத்தைப் போற்றுவது பழைய வழக்கம். குடிமக்களின் வீரத்தை அரசுகள் கவனிக்கத் தொடங்கியது பிந்தித்தான். பிரித்தானியாவில் 1866இல் கடலில் உயிர் காத்தவர்களுக்கென அல்பேட் பதக்கம் ஏற்பட்டது. 1907இல் சுரங்கத் தொழிலாளரின் துணிவுக்கென எட்வேட் பதக்கம் வந்தது. 1940 செப்டெம்பரில், லண்டன் மீது இரவிரவாகக் குண்டுகள் விழுந்த நாட்களில், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஜோர்ஜ் சிலுவையை ஏற்படுத்தினார். வெள்ளிச் சிலுவை, கருநீல நாடா, நடுவே 'துணிவுக்காக' என்று பொருள்படும் ஆங்கில எழுத்து.

அதைப் பெண் அணிவதானால் நாடாவைப் பூமுடிச்சாக முடிந்து அணிவது முறை. அப்படி முடிய வேண்டிய தேவை அதிகம் வரவில்லை. பழைய பதக்கத்துக்கு மாற்றாக அல்லாமல் நேரடியாகவே அச்சிலுவையைப் பெற்ற பெண்கள் 20ஆம் நூற்றாண்டில் நால்வர் மட்டுமே. மூவர் உலகப்போரின்போது பிரான்சில் இரகசியப் பணி செய்தவர்கள். சமாதான காலத்தில் பெற்றவர் ஒருவர்தான்: விமானப் பணிப்பெண் ஜேன் ஹரிசன்.

1968 ஏப்ரல் 8ஆம் திகதி, 127 பேருடன் லண்டன் ஹீத்ரோவிலிருந்து புறப்பட்ட போயிங் 707 விமானத்தின் இயந்திரம் ஒன்று தீப்பற்றிக் கழன்று விழுந்தது. சில நிமிடங்களில் விமானம் திரும்பி வந்து இறங்கியது. பின்கதவில் சறுக்குப்பாதை முறுகிக் கிடந்ததால், அதைச் சரிசெய்யச் சக பணியாளர் கீழே இறங்கினார். அவரால் மறுபடி மேலே ஏற முடியவில்லை. வாசலில் தனித்து நின்ற ஜேன், பயணிகளை ஒவ்வொருவராக இறக்கினார். தயங்கியவர்களைத் தள்ளியும் விட்டார். அந்த வழியும் எரிந்துபோனபின் மற்றவர்களை வேறு வாசலுக்கு அனுப்பினார். கடைசி வரிசைகளில் நடக்க இயலாத முதிய பயணி ஒருவர் இருந்தார். ஜேனின் உடல் அவருக்கு அருகில்தான் கிடந்தது. அன்று இறந்தவர்கள் ஐவர். ஜேனுக்கு வயது 22. அடுத்த ஆண்டு சிலுவை அறிவிக்கப்பட்டது.

இன்னொருவரை நீங்கள் அறிவீர்கள்: நீர்ஜா பானோத். 1986 செப்டெம்பர் 5ஆம் திகதி, மும்பையிலிருந்து வந்த பான் ஆம் விமானம் கராச்சியில் நின்றபோது ஆயுததாரிகள் ஏறினார்கள். அவர் உடனே எச்சரித்ததால் விமானிகள் தப்பினர், விமானம் கிளம்ப முடியாமல் நின்றது. அமெரிக்கர்களை அடையாளம் காண ஆயுததாரிகள் கடவுச்சீட்டுகளைச் சேகரிக்கச் சொன்னார்கள். நீர்ஜாவும் மற்றப் பணிப்பெண்களும் அமெரிக்கக் கடவுச்சீட்டுகளை ஒளித்துவைத்தனர். ஏறக்குறைய 17 மணித்தியாலங்களின் பின் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. பயணிகளைத் தப்பவைக்கும்போது அவர் சுடப்பட்டார். இன்னும் இரண்டு நாளில் அவருக்கு 23 வயது நிறைந்திருக்கும். இந்தியா தனது சமாதான கால உயர் வீரவிருதான அசோக சக்ராவை அவருக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதற்பெண் அவரே.

சகோதரிகளே, இந்த இரண்டு கதைகளும் எங்களுக்கு எப்படித் தெரிந்தன? ஜேனும் நீர்ஜாவும் திரும்பி வந்து சொல்லவில்லை. உயிர் தப்பியவர்கள் கண்டதைச் சொன்னார்கள், ஒருவர் அதை எழுதினார், அந்த எழுத்து அரசின் மேசைக்குப் போனது. குடிமக்களுக்கான எந்த வீரப்பதக்கத்துக்குப் பின்னாலும் இப்படிச் சாட்சி சொன்ன ஒருவர் இருப்பார். சாட்சி இல்லாத இடத்தில் வீரம் நடக்கும், பதக்கம் வராது.

எங்கள் மண்ணில் எத்தனை நடந்தது என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஷெல் விழுந்த நேரத்தில் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிவிட்டுத் தான் கடைசியாக இறங்கிய ஆசிரியைகள் இருந்தார்கள். மின்சாரம் இல்லாத இரவில் விளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த மருத்துவமாதுக்கள் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26இல், அடுத்த அலை வருமுன் அயலவரின் பிள்ளையைத் தூக்கக் கரைக்குத் திரும்பி ஓடிய பெண்களும் இருந்தார்கள். அரசின் கையால் பதக்கம் என்று எண்ணிப் பார்க்கவும் முடியாத காலங்கள் அவற்றுள் பல. பதக்கம் வரவில்லை என்று அவர்களில் எவரும் குறைப்பட்டதாகவும் நாம் கேட்டதில்லை. ஆனால், எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல் அவர்கள் போய்விடுவதை நாம் ஏற்க வேண்டுமா?

கண்டவர்கள் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். எங்களுக்கும் வயது போகிறது. பதக்கம் கொடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, சாட்சி சொல்லும் உரிமை இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், அவர் என்ன செய்தார், நீங்கள் எங்கே நின்று கண்டீர்கள் என்பவை போதும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுங்கள், கூட்ட வேண்டாம். அவர் உயிரோடிருந்தால் அவரையும், இல்லாவிட்டால் வீட்டாரையும் முதலில் கேளுங்கள். அந்த நாளை மறக்க விரும்புகிறவர்களும் உண்டு, அதையும் மதிக்க வேண்டும். எழுதியதைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். பரிசு பெற்ற மாணவிகளின் பெயர்களைப் பாதுகாத்துவரும் எங்கள் கல்லூரியில், இந்தப் பெயர்களுக்கும் ஓர் ஏடு இருக்கட்டும்.