ஜி.பி.யின் கணனிக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்?

(எமது நிலையத்தில் புதிதாக வந்த உறவுகளுக்கான சந்திப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்துக்கு வந்து ஜி.பி.யில் பதியப் போனால் முதலில் ஒரு படிவம் தருவார்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? வீட்டில் ஆருக்காவது சலரோகம் இருக்கா? புகைப்பீர்களா? நீங்கள் எந்த இனம்? ஹோம் ஒஃபிஸ் நேர்காணலில் களைத்துப்போய் வந்தவைக்கு இதுவும் இன்னொரு விசாரணை மாதிரித்தான் தெரியும். "எல்லாத்துக்கும் இல்லை என்று போட்டுவிடுவம்" என்று நினைக்கிறவை கனபேர். அப்படிப் போட்டால் நட்டம் ஆருக்கு என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஊரில் எங்கள் நோய் விபரம் எல்லாம் கிளினிக் கொப்பியில் இருந்தது. கொப்பியை நாங்களே கொண்டு திரிந்தோம். இங்கே அது கணனியில் இருக்கு. கொப்பிக்கும் கணனிக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: கொப்பி தானாகப் பேசாது, கணனி பேசும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று பதிந்த ஒருவருக்கு வைத்தியர் அமொக்சிசிலின் எழுதப்போனால், அதுவும் பெனிசிலின் வகைதான் என்று திரையில் எச்சரிக்கை வரும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இபுபுரோஃபென் எழுதினாலும் வரும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். இவற்றை மருத்துவ முடிவுக்கு உதவும் கருவிகள் என்று சொல்வார்கள். முடிவெடுப்பது வைத்தியர்தான். கணனி ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்.

இது பணக்கார நாடுகளின் விசயம் மட்டுமில்லை. கென்யாவைப் பாருங்கோ. அங்கே எல்டொரெட் நகரத்தில் எச்.ஐ.வி. நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், வைத்தியர்களோ குறைவு. மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் அங்கு சேர்ந்து வேலை செய்தன. அந்த அனுபவத்தில் இருந்து 2004இல் ஓபன்எம்ஆர்எஸ் என்ற நோயாளர் பதிவேட்டு மென்பொருள் உருவாகத் தொடங்கியது. இது திறந்த மூல மென்பொருள். ஆரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம். இந்தியாவில் சத்தீஸ்கரின் கனியாரி கிராம ஆஸ்பத்திரியில் தொடங்கிய பாம்னி என்ற மென்பொருளும் இதன்மேல் கட்டப்பட்டதுதான்.

எல்டொரெட்டில் என்ன செய்தார்கள்? பிள்ளை கிளினிக்குக்கு வந்தவுடன் அதன் விபரத்தைக் கணனி ஒரு தாளில் அச்சடிக்கும். அடியில், "இந்தப் பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை" என்று நினைவூட்டும். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நினைவூட்டல் இல்லாத இடத்தில், நிலுவையில் கிடந்த வேலைகளில் 18 வீதம்தான் செய்து முடிக்கப்பட்டது. நினைவூட்டல் இருந்த இடத்தில் 68 வீதம். ஒரு தாளின் அடியில் இருந்த சில வரிகள் செய்த வேலை அது.

இவ்வளவு நல்லதென்றால், ஓரிடத்தில் எழுதிய விதியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போடலாம்தானே? அங்கேதான் சிக்கல். ஒருவர் "இரண்டு சுண்டு அரிசி" என்று சமையல் குறிப்பு எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு விளங்கும். சுண்டு தெரியாதவருக்கு அந்தக் குறிப்பால் பிரயோசனம் இல்லை. மருத்துவ விதியும் அப்படித்தான். "இரத்தச் சீனி" என்ற தகவலை ஓர் ஆஸ்பத்திரி ஒரு பெயரில் வைத்திருக்கும், அடுத்தது வேறு பெயரில். 1989இல் ஆர்டன் தொடரியல் என்று, விதிகளைப் பகிர்வதற்கான ஒரு மொழியை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அதிலும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும் பகுதியைச் சுருள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் திருப்பி எழுதவேண்டி வந்தது. அதற்குச் "சுருள் அடைப்புக்குறிப் பிரச்சினை" என்றே பெயர் வந்துவிட்டது. அதனால்தான் பொது அகராதி தேவைப்பட்டது. ஓபன்எம்ஆர்எஸ் பாவிப்பவர்கள் பலர் சீயெல் என்ற பொது அகராதியைப் பாவிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டல்களைக் கணனி விதிகளாக மாற்றக்கூடிய வடிவில் 2021 முதல் வெளியிட்டு வருகிறது.

அகராதி ஒன்றானாலும் இன்னொரு கேள்வி இருக்கு. விதி ஆருக்காக எழுதப்பட்டது? எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. அளவு 25க்கு மேலே போனால் எடை கூட என்பது பொது விதி. ஆனால் தெற்காசியர்களுக்குச் சலரோகம் குறைந்த எடையிலேயே வருகிறது. அதனால் இந்த நாட்டின் நைஸ் அமைப்பு, எங்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் ஆபத்து அதிகம் என்று 2013இல் பரிந்துரைத்தது. இருதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கியூரிஸ்க் என்ற கருவியும் இனத்தைக் கேட்கிறது. இங்கேயுள்ள ஜி.பி.கள் பாவிக்கும் மென்பொருட்கள் பெரும்பாலும் தனியார் கம்பனிகளுடையவை. ஆனால் கியூரிஸ்க்கின் நிரல் திறந்ததாகவே வெளியிடப்பட்டிருக்கிறது. உங்கள் பி.எம்.ஐ. 24 என்று வையுங்கோ. இனம் என்ற இடத்தை வெறுமையாக விட்டால், கணனிக்கு நீங்கள் சுகதேகி. நிரப்பினால், சலரோகத்துக்குச் சோதிக்கச் சொல்ல அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். "எந்த இனம்?" என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஆகவே ஜி.பி.க்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கோ:

1. பெயரும் பிறந்த திகதியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். எங்களில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னுக்கும் இன்னோரிடத்தில் பின்னுக்கும் பதியப்படுவது வழமை. ஏ.ஆர்.சி. அட்டையில் உள்ளபடியே எழுதுங்கோ. ஓராள் இரண்டு ஆளாகப் பதியப்பட்டால், ஒரு பதிவில் உள்ள ஒவ்வாமை மற்றப் பதிவுக்குத் தெரியாது.

2. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கோ. உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, வயிற்றைக் குமட்டியது மட்டும்தானா? பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிந்திருப்பவர்களைச் சோதித்தால், பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையில் இல்லை. பிழையான பதிவு நல்ல மருந்தைத் தடுத்துவிடும்.

3. ஊரில் எடுத்த மருந்தின் பெட்டியையோ துண்டையோ கொண்டுபோங்கோ. நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காதேங்கோ. அதைப் பற்றிக் கணனிக்குப் பெரும்பாலும் தெரியாது, வைத்தியர்தான் யோசிக்கவேண்டும்.

4. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. ஜி.பி.யில் அதற்குக் காசில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேச வைக்காதேங்கோ. பிள்ளைக்கு முன்னால் சில விசயங்களைச் சொல்ல மாட்டீர்கள்.

5. வேறு நகரத்துக்கு மாற்றினால் புதிய ஜி.பி.யில் உடனே பதியுங்கோ. பழைய ஜி.பி.யின் பெயரையும் என்.எச்.எஸ். இலக்கத்தையும் கொடுங்கோ.

இங்கிலாந்தில் ஜி.பி.யில் பதிய விசாவோ, அடையாள அட்டையோ, முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. வரவேற்பாளர் அவற்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் எங்களிடம் வாருங்கோ, கடிதம் எழுதித் தருவோம். உங்கள் மருத்துவப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேளுங்கோ.

எவ்வளவு கெட்டிக்காரர் எழுதிய விதியாக இருந்தாலும், பதியாத ஒன்றைப் பற்றி அது எச்சரிக்காது. சொல்லவேண்டியதை நாங்கள்தான் சொல்லவேண்டும்.