மறைவிற் பேசிய சமாதானமும் எஞ்சிய கடிதங்களும்



கையொப்பமில்லாத உடன்பாட்டுக்குச் சாட்சி யார்? நியாயத்தலங்களிற் பழகிய நமக்கு இது புதிய வினாவன்று. ஐரோப்பாவின் தலைவிதியைப் பற்றிய விடயமொன்றிலும் இதே வினா எழுந்தது.

1939ஆம் ஆண்டின் இறுதியில் மியூனிக் நகர நியாயவாதி யோசெப் முல்லர் உரோமாபுரிக்குச் சென்றார். ஜேர்மன் இராணுவ உளவுத்துறைக்குள்ளேயே இருந்துகொண்டு ஹிட்லரை வீழ்த்த முயன்றவர்கள் அவரை அனுப்பினர். ஹிட்லர் வீழ்ந்தால் பிரித்தானியா நியாயமான சமாதானத்துக்கு இணங்குமா என்றறிய அவர்கள் விரும்பினர். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதனைப் பிரித்தானியத் தூதர் ஒஸ்போணிடம் தெரிவித்தார். ஆனால், சமாதானம் நாடுவோர்போல நடித்த ஜேர்மன் உளவாளிகள் அவ்வாண்டு நவம்பர் 9இல் வென்லோ எல்லையில் இரு பிரித்தானிய உளவு அதிகாரிகளைக் கடத்திச் சென்றிருந்தனர். இலண்டன் ஐயுற்றதை நாம் குறைகூற இயலாது.

பேச்சின் சாரத்தைக் கூறும் ‘எக்ஸ் அறிக்கை’ 1940 ஏப்ரலில் தளபதி பிரவுகிச்சின் கைக்கு எட்டியது. தேசத்துரோகம் என்று அவர் அதனை ஒதுக்கிவிட்டார்.

அவ்வறிக்கையின் மூலப்பிரதி கிடைக்கவில்லை. மினசோற்றாப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஹரோல்ட் டொயிச், எஞ்சியோரைத் தேடி, நேரிற் கேட்டும் கடிதமூலம் விசாரித்தும் 1968இல் தமது நூலை வெளியிட்டார். எல்லைகள் பற்றிய நிபந்தனைகளில் ஒருவர் நினைவு மற்றவர் நினைவோடு ஒத்துவரவில்லை. ஆகவேதான் நூலைக் காட்டிலும், பென்சில்வேனியாவின் கார்லைலில் அமெரிக்க இராணுவச் சுவடிக்கூடத்திலுள்ள அவரது ஆவணங்களை நாம் பெரிதாக மதிக்கிறோம். தீர்ப்பு மாத்திரம் இருந்து சாட்சியேடு அழிந்துபோனால் மேன்முறையீடு எங்ஙனம்? (நம்மவரிற் சிலர் கடிதத்தை வாசித்த மறுகணமே அடுப்பிலிடுவர், அவர்கள் செவிசாய்ப்பார்களாக!)

மேன்முறையீடு உண்மையிலேயே நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய அரச ஏடுகளின் மறைப்புக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 30 ஆகக் குறைத்தது. 1970களில் ஒஸ்போணின் அறிக்கைகள் வெளிவந்தன. பாப்பரசரின் தூது உறுதியாயிற்று. ஆனால் அவற்றிற் காண்பது எச்சரிக்கையான மொழியே. கட்டுப்படுத்தும் வாக்குறுதி அன்று.

ஏடுகளைக் காப்பதற்கும் விலையுண்டு. தோல்விக்கு முன்னரே தாம் எழுந்தமைக்கு அத்தாட்சி வேண்டுமென்று ஜெனரல் பெக் விரும்பினார், ஏடுகள் எரிக்கப்படவில்லை. 1944 செப்டெம்பரில் சொசென் பாதுகாப்புப் பெட்டகத்தில் அவை இரகசியப் பொலிசாரிடம் சிக்கின. 1945 ஏப்ரல் 9இல் உளவுத்துறைத் தலைவர் கனாரிசும் அவரது துணைவர் ஒஸ்ரரும் புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டனர். அதே முகாமிலிருந்த முல்லர் உயிர் தப்பினார். டொயிச் பலமுறை கேட்டெழுதியது அவரது வாய்மொழியைத்தான்.